ஐந்தாம் வகுப்புக் கோடும் எட்டாம் வகுப்புக் கோடும்: பள்ளி நிலைகள் வகுக்கப்பட்ட வரலாறு

பள்ளிப் படிப்பைப் பன்னிரண்டு வகுப்புகளாகப் பிரித்து, ஐந்தாம் வகுப்பு முடிந்தவுடன் ஒரு கோடு, எட்டாம் வகுப்பு முடிந்தவுடன் ஒரு கோடு, பத்தாம் வகுப்பு முடிந்தவுடன் ஒரு கோடு எனக் கிழித்து வைத்திருக்கிறோம். தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி, உயர்நிலைப் பள்ளி, மேல்நிலைப் பள்ளி என்னும் பெயர்களை நாம் பிறந்தது முதல் கேட்டு வருவதால், இவை மழையும் வெயிலும் போல இயற்கையாக அமைந்தவை என எண்ணிவிடுகிறோம். உண்மை அதுவன்று. இக்கோடுகள் ஒவ்வொன்றும் ஏதோ ஓர் ஆண்டில், ஏதோ ஓர் அரசாங்கத்தால், ஏதோ ஒரு காரணம் பற்றிக் கிழிக்கப்பட்டவை. ஒரு காலத்தில் இருந்த கோடு மறு காலத்தில் இடம் மாறியிருக்கிறது. நம் மாநிலத்தில் ஓரிடத்தில் உள்ள கோடு, மலைக்கு அப்பால் கேரளத்தில் வேறோர் இடத்தில் இருக்கிறது.

இதை நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் சமுதாயத்துப் பிள்ளைகள் பள்ளியை விட்டு நின்ற இடங்களைக் கணக்கெடுத்துப் பார்த்தால், அவர்கள் வகுப்பின் நடுவில் நின்றதைக் காட்டிலும் இந்தக் கோடுகளில் நின்றதே மிகுதி. பனியன் துணி எளிதில் பிரிவது தையல் விட்ட இடத்தில்தான் என்பதைத் திருப்பூர் வட்டாரத்தில் உள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கல்வியும் அத்தகையதே. பதினொரு வயது முதல் பதினான்கு வயது வரை உள்ள பிள்ளைகளை எந்தப் பள்ளியில், எந்த வகுப்புகளோடு சேர்த்து வைப்பது என்னும் கேள்வி வெறும் நிருவாகக் கேள்வி போலத் தோன்றினாலும், பல தலைமுறைகளின் வாழ்வை அது தீர்மானித்திருக்கிறது.

ஒரே வயது, இரண்டு பாதைகள்

1854ஆம் ஆண்டில் வெளியான உட்டின் கல்வி அறிக்கை, தொடக்கப் பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரை படிப்படியான கல்வி அமைப்பு ஒன்று இந்தியாவில் உருவாக வேண்டுமென்று கூறிற்று. 1882ஆம் ஆண்டில் அமைந்த ஹண்டர் குழு, தொடக்கக் கல்விப் பொறுப்பை உள்ளாட்சி மன்றங்களிடம் ஒப்படைக்கப் பரிந்துரைத்தது. இதன் பயனாகச் சென்னை மாகாணத்தில் இரண்டு வகைப் பள்ளிகள் அருகருகே வளர்ந்தன.

ஒன்று ‘எலிமெண்டரி’ பள்ளி. இதில் ஒன்று முதல் ஐந்து வரை கீழ்நிலை. ஆறு, ஏழு, எட்டு வகுப்புகள் மேல்நிலை. மேல்நிலையும் கொண்ட பள்ளியை ‘ஹையர் எலிமெண்டரி’ என்றனர். மற்றொன்று உயர்நிலைப் பள்ளி. அங்கே ஆறாம் வகுப்பு என்னும் பெயரே கிடையாது. அது முதல் பாரம். ஏழாம் வகுப்பு இரண்டாம் பாரம், எட்டாம் வகுப்பு மூன்றாம் பாரம் என ஏறி, ஆறாம் பாரத்தின் முடிவில், அதாவது பதினோராம் ஆண்டின் இறுதியில், எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு வரும். நம் பாட்டன்மார் “அவர் மூன்றாம் பாரம் வரை படித்தவர்” என்று பெருமையாகச் சொல்லக் கேட்டவர்கள் இம்மலரை வாசிப்போருள் சிலர் இருக்கக்கூடும்.

பதினோரு வயதுச் சிறுவர் இருவரை எண்ணிப் பாருங்கள். ஒருவன் நகரத்தில் முதல் பாரத்தில் அமர்கிறான். மற்றொருவன் சிற்றூரில் எலிமெண்டரி ஆறாம் வகுப்பில் அமர்கிறான். வயது ஒன்று, ஆண்டுக் கணக்கும் ஒன்று. ஆனால் பாரத்தில் ஆங்கிலம் முதன்மை பெற்றிருந்தது. அதற்குக் கட்டணம் கட்ட வேண்டும். அந்தப் பாதை கல்லூரி வாயில் வரை செல்லும். எலிமெண்டரி எட்டாம் வகுப்போ இ.எஸ்.எல்.சி. என்னும் முடிவுச் சான்றிதழோடு நின்றுவிடும். அதில் தேறியவர்கள் ‘ஹையர் கிரேடு’ ஆசிரியர் பயிற்சிக்குச் செல்லலாம். சிறு உத்தியோகங்களுக்கு மனுச் செய்யலாம். நான்காம் பாரத்திற்குள் நுழைந்தவர் சிலரே. பெயரிலேயே வேறுபாடு வைக்கப்பட்டிருந்தது என்பதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஒன்றை ‘முதல்’ என்றனர், அது தொடக்கம். மற்றொன்றை ‘எட்டு’ என்றனர், அது முடிவு.

பஞ்சமர் பள்ளி எந்த வகுப்போடு நின்றது?

இந்த இரண்டு பாதைகளிலும் இடமின்றி வெளியே நின்றவர்கள் நம் முன்னோர். சாதியைக் காரணம் காட்டி அரசுப் பள்ளியில் எந்தப் பிள்ளையையும் மறுக்கலாகாது என்னும் கொள்கை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே ஏட்டில் எழுதப்பட்டுவிட்டது; ஹண்டர் குழுவும் அதை வலியுறுத்திற்று. ஆனால் பள்ளிக் கட்டடம் ஊர்த் தெருவிலோ கோயிலை அடுத்தோ இருந்தால், சேரிப் பிள்ளை அத்தெருவில் நடக்கவே முடியாத நிலையில் அக்கொள்கையால் யாருக்கு என்ன பயன்?

செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்கீர் 1891ஆம் ஆண்டில் பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு அளித்த அறிக்கைக்குப் பின்னர், 1893ஆம் ஆண்டில் பஞ்சமர் பள்ளிகளுக்குச் சிறப்பு மானியச் சலுகைகள் அளிக்கும் ஆணை பிறந்தது. அதனை அடுத்து 1894ஆம் ஆண்டில் அடையாற்றில் கர்னல் ஆல்காட் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அம்முயற்சியோடு அயோத்திதாசப் பண்டிதரின் பெயரும் இணைத்துப் பேசப்படுகிறது. கிறித்தவச் சபைகளும் சேரிகளில் பல பள்ளிகளை நடத்தின. 1920ஆம் ஆண்டையொட்டித் தொழிலாளர் ஆணையரிடம் ஒடுக்கப்பட்டோர் நலன் ஒப்படைக்கப்பட்டபின், பொதுப் பள்ளியில் சேர்க்க மறுக்கப்பட்ட இடங்களில் ‘லேபர் ஸ்கூல்’ எனப்பட்ட பள்ளிகள் எழுந்தன. இவையே பின்னர் அரிஜன நலப் பள்ளிகளாகி, இன்று ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளாக விளங்குகின்றன.

இப்பள்ளிகள் செய்த தொண்டு சிறிதன்று. எழுத்தறிவின் முதல் விளக்கு பல சேரிகளில் இவற்றால்தான் ஏற்றப்பட்டது. ஆனால் இவற்றுள் மிகப் பெரும்பாலானவை கீழ்நிலை வகுப்புகளோடு நின்றன. ஆறாம் வகுப்புக்கு ஊர்ப் பள்ளிக்கோ நகரத்து உயர்நிலைப் பள்ளிக்கோ செல்ல வேண்டும். அங்குதான் தெருவும் கிணறும் பெஞ்சும் குறுக்கே நின்றன. அதாவது ஐந்தாம் வகுப்புக் கோடு நமக்கு மட்டும் சாதிக் கோடாகவும் இருந்தது.

அந்த அமைப்பின் சுவடு இன்றும் மறையவில்லை. ஆதிதிராவிடர் நலத் துறையின் அண்மைக் காலக் கொள்கை விளக்கக் குறிப்புகளில் காணப்படும் கணக்கின்படி, அத்துறையின் பள்ளிகள் 1,138. அவற்றுள் தொடக்கப் பள்ளிகள் 833. நடுநிலைப் பள்ளிகள் 99. உயர்நிலைப் பள்ளிகள் 108. மேல்நிலைப் பள்ளிகள் 98. ஐந்தாம் வகுப்போடு முடியும் பள்ளிகள் 833. ஆறாம் வகுப்பு உள்ள பள்ளிகள் அனைத்தையும் கூட்டினால் 305. எஞ்சிய பிள்ளைகள் பிற அரசுப் பள்ளிகளில் சேரலாம், சேர்ந்தும் வருகின்றனர். எனினும் நம் பிள்ளைகளுக்கு மற்றப் பிள்ளைகளைவிடக் கூடுதலாக ஒரு வாயிலைக் கடக்கும் சுமை உள்ளது என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

கோடு கடந்தவர்கள் எப்படிக் கடந்தார்கள் என்பதற்கு நம் கொங்கு நாட்டிலேயே சான்று உண்டு. இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் கோயம்புத்தூரில் பள்ளியில் பயின்றவர். சுமார் நானூறு மாணவர் இருந்த அப்பள்ளியில் பெரும்பாலோர் பிராமணர். மற்றையோர் ஒரு சிலரே. தம் சாதி வெளிப்பட்டுவிடுமோ என அஞ்சி, எவரோடும் நெருங்கிப் பழகாமல், விளையாடாமல், மணியடிக்கும் வரை பள்ளிக்கு வெளியே அமர்ந்து படித்துவிட்டு உள்ளே சென்றதை அவர் 1939ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் எழுதியுள்ளார். வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரோடு சென்று அமர்ந்தவர் அவர். அவர் ஒருவர் தாண்டினார். தாண்ட முடியாமல் நின்றவர்களின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை.

எம்.சி. இராஜா பள்ளி ஆசிரியராக வாழ்வைத் தொடங்கிப் பாடநூல்கள் எழுதி, சட்டமன்றத்தில் நம் கல்விக்காக வாதாடினார். எல்.சி. குருசாமி அருந்ததியர் மக்களுக்காக இரவுப் பள்ளிகள் நடத்தினார். அண்ணல் அம்பேத்கர் 1927ஆம் ஆண்டில் பம்பாய்ச் சட்டமன்றத்தில் பேசுகையில், தொடக்கப் பள்ளியில் சேரும் நூறு பிள்ளைகளில் பதினெண்மரே நான்காம் வகுப்பை எட்டுகின்றனர் என்றும், ஏனையோர் மீண்டும் எழுத்தறியாமையில் வீழ்கின்றனர் என்றும் எடுத்துக்காட்டினார். எத்தனை பேர் சேர்ந்தனர் என்று அரசு கணக்குக் காட்டிக் கொண்டிருந்த காலத்தில், எத்தனை பேர் எந்த வகுப்பை எட்டினர் என்று கேட்டவர் அவர். இக்கட்டுரையின் கேள்வியும் அதுவே.

விடுதலைக்குப் பின்

1950ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, பத்தாண்டுகளுக்குள் பதினான்கு வயது நிரம்பும் வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டணமில்லாக் கட்டாயக் கல்வி அளிக்க அரசு முயல வேண்டுமென்றது. ஆறு வயதில் சேர்ந்த பிள்ளை பதினான்கில் எட்டாம் வகுப்பை முடிக்கும். ஆக, ஐந்தாம் வகுப்பில் நின்ற கோட்டை எட்டுக்கு நகர்த்துவதே அப்பிரிவின் பொருள்.

ஆனால் சென்னை மாநிலத்தில் 1953ஆம் ஆண்டில் இராஜாஜி அரசு கொண்டுவந்த மாற்றுத் தொடக்கக் கல்வித் திட்டம், சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே பள்ளி என்றும், எஞ்சிய நேரத்தில் கைத்தொழில் பழகலாம் என்றும் வகுத்தது. தந்தையின் தொழிலை மகன் தலையில் கட்டும் ‘குலக்கல்வி’ என அது கண்டிக்கப்பட்டு, காமராசர் முதலமைச்சரான 1954ஆம் ஆண்டிலேயே கைவிடப்பட்டது. செருப்புத் தைப்பவர் மகனுக்கும் தோட்டி வேலை செய்பவர் மகளுக்கும் எஞ்சிய நேரத்தில் எத்தொழில் காத்திருந்தது என்பதை நினைத்தால், அக்கிளர்ச்சியின் நியாயம் புலப்படும்.

காமராசர் ஆட்சியில், நெ.து. சுந்தரவடிவேலு கல்வித் துறை இயக்குநராக இருந்த காலத்தில், ஒரு மைலுக்குள் தொடக்கப் பள்ளி, மூன்று மைலுக்குள் நடுநிலைப் பள்ளி, ஐந்து மைலுக்குள் உயர்நிலைப் பள்ளி என்பது குறிக்கோளாயிற்று. மதிய உணவும் வந்தது. 1960களில் உயர்நிலைப் பள்ளி வரை கட்டணமும் நீங்கிற்று. குறிக்கோள் உயர்ந்ததே. ஆயினும் அந்த மைல் கணக்கிலேயே ஓர் உண்மை பொதிந்துள்ளது: பிள்ளை வளர வளரப் பள்ளி தூரம் போகிறது. பத்து வயதில் ஒரு மைல்; பதினொன்றில் மூன்று மைல். ஆண்பிள்ளை நடந்துவிடுவான், பெண்பிள்ளையை அனுப்பத் தாய் தயங்குவாள். அவள் பருவமெய்தும் காலமும் பள்ளி தூரமாகும் காலமும் ஒன்றாக வந்து சேர்ந்தன.

கோத்தாரி கல்விக் குழு 1964 முதல் 1966 வரை ஆய்ந்து, பத்தாண்டுப் பொதுக் கல்வி, இரண்டாண்டு மேல்நிலைக் கல்வி, மூன்றாண்டுப் பட்டப் படிப்பு என்னும் அமைப்பைப் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் 1978ஆம் ஆண்டில் பதினோராண்டு எஸ்.எஸ்.எல்.சி.யும் கல்லூரிப் புகுமுக வகுப்பும் நீங்கி, பத்தாம் வகுப்பும் மேல்நிலை ஈராண்டும் நிலைபெற்றன. பாரம் என்னும் பெயரும் வழக்கொழிந்தது. ஆறு, ஏழு, எட்டு என்பவை எல்லாப் பள்ளிகளிலும் ஒரே பெயர் பெற்றன.

பெயர் ஒன்றாயிற்று, இடம் ஒன்றாகவில்லை. இன்றும் ஏழாம் வகுப்புப் பிள்ளை மூன்று வகைப் பள்ளிகளில் இருக்கலாம். ஒன்று முதல் எட்டு வரை உள்ள நடுநிலைப் பள்ளியில் அவன் மூத்தவன். சிறு பிள்ளைகளுக்கு வரிசையில் முன் நிற்பவன். அவனுடைய வீட்டையும் தாயையும் அறிந்த ஆசிரியர் அங்கு உண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வரை உள்ள மேல்நிலைப் பள்ளியிலோ அவன் இளையவன். பாடத்துக்கு ஓர் ஆசிரியர் வந்து போவார். ஆய்வுக்கூடமும் விளையாட்டுத் திடலும் அங்குக் கிடைக்கும். ஆனால் ஒரு வாரம் வராவிட்டால் ஏன் என்று கேட்க ஆள் குறைவு. இரண்டிலும் நன்மையும் உண்டு, குறையும் உண்டு.

சோற்றின் கோடும் வேலையின் கோடும்

வகுப்புக் கோடுகளோடு வேறு இரண்டு கோடுகளும் சேர்ந்து கொண்டன. முதலாவது சோறு. 1982ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். அரசு தொடங்கிய சத்துணவுத் திட்டம் முதலில் ஒன்பது வயது வரை உள்ள பிள்ளைகளுக்கே உரியதாயிருந்தது. 1984ஆம் ஆண்டு செப்டம்பரில்தான் அது பத்து முதல் பதினைந்து வயதினருக்கும் விரிந்தது. இடைப்பட்ட அந்த ஈராண்டுகளில் ஐந்தாம் வகுப்பைக் கடந்த பிள்ளைக்குப் பள்ளிச் சோறு நின்றது. அந்த விரிவாக்கம் ஆறாம் வகுப்பின் வாயிலைப் பசித்த வீட்டுப் பிள்ளைகளுக்கு எளிதாக்கியது. 2022ஆம் ஆண்டில் தொடங்கி 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் விரிந்த காலை உணவுத் திட்டமும் ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை என்றே வகுக்கப்பட்டதை ஈண்டு நினைவிற் கொள்ளலாம். பதினொரு வயதுப் பிள்ளைக்குப் பத்து வயதுப் பிள்ளையைவிடப் பசி குறைவன்று.

இரண்டாவது வேலை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் பதினான்கு வயது நிரம்பாதவரைத் தொழிற்சாலையில் அமர்த்தக் கூடாதென்றது. ஆனால் 1970களின் பிற்பகுதி முதல் திருப்பூரில் ஏற்றுமதி பெருகத் தொடங்கியபோது, கைமடித்தல், பிசிறு வெட்டுதல், அடுக்கிக் கட்டுதல் போன்ற சில்லறை வேலைகளுக்குப் பிள்ளைகளின் விரல்கள் தேவைப்பட்டன. பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் பனியன் கம்பெனிகளில் ஒன்றரை ஷிப்டு நின்ற காலம் இருந்தது. ஆறாம் வகுப்பு இல்லாத ஊரிலிருந்து வந்த குடும்பத்திற்கு, கம்பெனி பக்கத்திலும் பள்ளி தூரத்திலும் இருந்தன. பள்ளி மாற்றுச் சான்றிதழ் கேட்டது. கம்பெனி எதையும் கேட்கவில்லை.

1986ஆம் ஆண்டில் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. இறக்குமதி செய்வோரின் கண்டிப்பும் தொண்டு நிறுவனங்களின் முயற்சியும் சிறப்புப் பள்ளிகளும் சேர்ந்து, கம்பெனிகளில் சிறு பிள்ளைகளின் கூட்டம் குறைந்தது. 2016ஆம் ஆண்டின் திருத்தம், பதினான்கு வயதுக்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்தக் கூடாதென்றும், பதினான்கு முதல் பதினெட்டு வயதினரை ஆபத்தான தொழில்களில் அமர்த்தக் கூடாதென்றும் விதித்தது. ஆனால் பள்ளி நேரத்திற்குப் பின் குடும்பத் தொழிலில் உதவுவதற்கு விலக்களித்தது. மூட்டை மூட்டையாக வீட்டுக்கு வரும் துணியில் பிசிறு வெட்டுவது இவ்விலக்குக்குள் எளிதாக ஒளிந்து கொள்கிறது. மேலும், சட்டம் பதினான்கில் கோடு கிழிப்பதால் எட்டாம் வகுப்பின் முடிவும் வேலைக்கான வாயிலும் ஒரே நாளில் எதிர்ப்படுகின்றன. மூன்றாண்டு வேலை செய்தால் திருமணத்திற்கு மொத்தத் தொகை என்று கூறி, நூற்பாலைகள் பல வளரிளம் பெண்களை விடுதிகளில் வைத்து வேலை வாங்கிய முறைக்கு ஆளானவர்களுள் நம் சமுதாயத்துப் பெண்கள் மிகப் பலர் என்பது யாவரும் அறிந்தது.

பிற இடங்களில் எவ்வாறு?

கேரளத்தில் ஒன்று முதல் நான்கு வரை கீழ்த் தொடக்கப் பள்ளி. ஐந்து முதல் ஏழு வரை மேல் தொடக்கப் பள்ளி. எட்டு முதல் பத்து வரை உயர்நிலைப் பள்ளி என்னும் பகுப்பு நெடுங்காலமாக வழங்கி வருகிறது. இலங்கையில் ஐந்தாம் தரத்தில் புலமைப்பரிசில் தேர்வு ஒன்று வைத்து, அதில் மிகுந்த புள்ளி பெற்றோரைப் பெரிய பள்ளிகளுக்கு அனுப்புகின்றனர். பத்து வயதில் நடக்கும் அத்தேர்வு அங்குள்ள தமிழ்ப் பெற்றோரையும் பிள்ளைகளையும் எவ்வளவு வாட்டுகிறது என்பதை அந்நாட்டுச் செய்திகளைப் படிப்போர் அறிவர். இங்கிலாந்தில் 1944ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் பதினோரு வயதுத் தேர்வு ஒன்று பிள்ளைகளை இரு வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரித்தது. உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகள் பின்தள்ளப்படுகின்றனர் என்னும் எதிர்ப்பால் 1960களுக்குப் பின் பெரும்பாலான இடங்களில் அது கைவிடப்பட்டது.

அமெரிக்காவில் எட்டாண்டுத் தொடக்கப் பள்ளிக்குப் பின் நான்காண்டு உயர்நிலைப் பள்ளி என்பது பழைய முறை. 1909, 1910ஆம் ஆண்டுகளில் கொலம்பஸ், பெர்க்லி ஆகிய நகரங்களில் ஏழு முதல் ஒன்பது வரை உள்ள வகுப்புகளுக்குத் தனிப் பள்ளி கண்டனர். 1960களுக்குப் பின் ஆறு முதல் எட்டு வரை உள்ள இடைநிலைப் பள்ளிகள் பரவின. வளரிளம் பருவத்தினர் குழந்தைகளும் அல்லர், பெரியவர்களும் அல்லர். அவர்களுக்குத் தனி இடம் வேண்டும் என்பது அதன் கருத்து. ஆனால் நியூயார்க்கு நகரப் பள்ளிகளை ஆராய்ந்து 2010ஆம் ஆண்டில் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வு, ஆறிலோ ஏழிலோ புதுப் பள்ளிக்கு மாறிய பிள்ளைகள், எட்டு வரை ஒரே பள்ளியில் தொடர்ந்த பிள்ளைகளைவிடக் கற்றலில் பின்தங்கியதைக் கண்டது. நூறாண்டு கழிந்தும் அவர்களும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

இவற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடம் ஒன்று உண்டு. எந்தக் கோடும் தானே நல்லதன்று; தானே தீயதுமன்று. கோட்டில் தேர்வை வைத்தால் ஏழை விழுகிறான். தூரத்தை வைத்தால் பெண் விழுகிறாள். யாரும் கை கொடுக்காவிட்டால் முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளை விழுகிறது.

அமராவதி நகரில் ஓர் ஆறாம் வகுப்பு

நம் ஊரிலேயே ஆறாம் வகுப்பு எத்துணை முக்கியமானது என்பதற்கு ஓர் அடையாளம் நிற்கிறது. அமராவதி அணையை ஒட்டி 1962ஆம் ஆண்டு ஜூலையில் தொடங்கப்பட்ட சைனிக் பள்ளி, பிள்ளைகளை ஆறாம் வகுப்பிலும், அடுத்து ஒன்பதாம் வகுப்பிலும்தான் சேர்த்துக் கொள்கிறது. ஆறாம் வகுப்புக்குப் பத்து முதல் பன்னிரண்டு வயது. அகில இந்திய நுழைவுத் தேர்வு. பட்டியல் சாதியினருக்கு நூற்றுக்குப் பதினைந்து இடம். நாட்டின் படைத் தலைவர்களை உருவாக்க எண்ணியவர்கள் பதினொரு வயதுப் பிள்ளையைத் தேடி எடுத்து, பன்னிரண்டாம் வகுப்பு வரை இடையில் கோடே இன்றி ஒரே இடத்தில் வைத்து வளர்க்கின்றனர். அவர்கள் அறிந்திருக்கும் உண்மையை அப்பள்ளிச் சுவருக்கு வெளியே வாழும் நாமும் அறிய வேண்டாமா? அத்தேர்வுக்கு மனுச் செய்ய ஐந்தாம் வகுப்பில் படிக்கும்போதே முனைய வேண்டும். ஆறாம் வகுப்பில் சேர்ந்தபின் கேள்விப்பட்டால் காலம் கடந்துவிடும்.

இன்றைய சட்டங்கள் கூறுவது

2010ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் எட்டு வரை ஒரே தொடக்கக் கல்வி எனக் கொண்டது. ஐந்து வரை உள்ள வகுப்புகளுக்கு ஒரு கிலோமீட்டருக்குள், ஆறு முதல் எட்டு வரை மூன்று கிலோமீட்டருக்குள் பள்ளி வேண்டும். பள்ளியில் எட்டு வரை இல்லையெனில் வேறு பள்ளிக்கு மாறும் உரிமை பிள்ளைக்கு உண்டு. மாற்றுச் சான்றிதழ் தாமதமானால் அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்க முடியாது. இடைநின்ற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும்; பதினான்கு வயது கடந்தாலும் எட்டு முடியும் வரை கட்டணமில்லை. இவற்றை ஒவ்வோர் இளைஞரும் மனத்தில் பதித்துக் கொள்க. அலுவலக மேசையின் முன் நின்று பேசுவதற்கு இதைவிட வலிய ஆயுதம் நமக்கு வேறில்லை.

ஐந்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் பொதுத் தேர்வு நடத்த 2019ஆம் ஆண்டில் தமிழக அரசு ஆணையிட்டது. எதிர்ப்பு எழவே 2020 பிப்ரவரியில் அதைத் திரும்பப் பெற்றது. அத்தேர்வு நிலைத்திருக்குமானால், மேலே கூறிய இரண்டு கோடுகளும் மீண்டும் மதில்களாகியிருக்கும். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஐந்து, மூன்று, மூன்று, நான்கு எனப் புதுப் பகுப்பை வகுத்து, ஆறு முதல் எட்டு வரை நடுநிலை எனவும், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை இரண்டாம் நிலை எனவும் கூறுகிறது. தமிழ்நாடு அதனை ஏற்காமல், 2025 ஆகஸ்டில் தனக்கெனக் கல்விக் கொள்கையை வெளியிட்டது.

இதனிடையே வேறொரு பகுப்பு ஓசையின்றி உருவாகியுள்ளது. 2020ஆம் ஆண்டில் வந்த மருத்துவக் கல்விக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் பயின்றோருக்கு உரியது. 2022ஆம் ஆண்டில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாயும் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கெனவே தொடங்கப்பட்டது. ஆகவே ஆறாம் வகுப்பில் எங்கே சேர்க்கிறோம் என்பது பதினெட்டு வயதில் கிடைக்கும் உரிமையைத் தீர்மானிக்கிறது. கடன் வாங்கி ஆறாம் வகுப்பில் தனியார் பள்ளியில் சேர்த்து, எட்டில் பணம் கட்ட முடியாமல் அரசுப் பள்ளிக்குத் திரும்பும் குடும்பங்கள் இதை அறிந்தே முடிவு செய்ய வேண்டும்.

அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கு

வரலாறு கூறுவது இதுவே. பாரம் என்றும் எலிமெண்டரி என்றும் பிரித்தார்கள்; நாம் வெளியே நின்றோம். பஞ்சமர் பள்ளி கொடுத்தார்கள், ஐந்தோடு நின்றோம். எட்டு வரை உரிமை தந்தார்கள். எட்டில் கம்பெனி வாயில் நின்றது. கோடு நகர நகர நாமும் நகர்ந்திருக்கிறோம். ஆனால் கோட்டைத் தாண்டியவர்கள், பெரும்பாலும் யாரோ ஒருவர் கைபிடித்து அழைத்துச் சென்றதால் தாண்டியவர்கள். அந்த யாரோ ஒருவராக நம் சங்கம் இருத்தல் வேண்டும்.

இதற்குப் பெருநிதி தேவையில்லை. ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தில் நம் குடியிருப்புகளில் ஐந்தாம் வகுப்பையும் எட்டாம் வகுப்பையும் பத்தாம் வகுப்பையும் முடிக்கும் பிள்ளைகளின் பெயர்களை ஒரு குறிப்பேட்டில் எழுதுக. ஜூன் மாதத்தில் அப்பெயர் ஒவ்வொன்றுக்கும் எதிரே சேர்ந்த பள்ளியின் பெயரை எழுதுக. எதிரே ஒன்றும் எழுத முடியாத பெயர் இருந்தால், அன்று மாலையே அவ்வீட்டுத் திண்ணையில் சென்று அமர்க. சாதிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், பேருந்துச் சலுகை அட்டை, விடுதி மனு ஆகியவற்றை ஐந்தாம் வகுப்பு முடியுமுன்னரே ஆயத்தம் செய்க. மாலை வகுப்பைப் பத்தாம் வகுப்புக்கு மட்டும் நடத்தும் வழக்கத்தை விட்டு, ஆறாம் வகுப்பின் முதல் மூன்று மாதங்களுக்கு ஆங்கிலமும் கணக்கும் சொல்லிக் கொடுங்கள். புதுப் பள்ளியில் பிள்ளை தடுமாறுவது அப்போதுதான். தொலைவிலுள்ள பள்ளிக்குச் செல்லும் பெண்பிள்ளைகளைத் தனித்தனியே விடாமல் கூட்டமாகச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள். ஒரு பெண் போனால் நின்றுவிடுவாள்; ஐந்து பெண்கள் சேர்ந்து போனால் நிற்க மாட்டார்கள்.

பட்டம் பெற்றவர்களுக்குப் பொன்னாடை போர்த்துவது நம் சங்கத்தின் நல்வழக்கம். அது தொடரட்டும். அதனோடு, ஆண்டுதோறும் ஐந்தாம் வகுப்பை முடித்த பிள்ளைகள் அனைவரும், ஒருவர்கூடக் குறையாமல், ஆறாம் வகுப்பில் அமர்ந்துவிட்டனர் என்னும் செய்தியை ஆண்டறிக்கையின் முதல் வரியாகப் படிக்கும் வழக்கமும் உண்டாகட்டும். பொன்விழா மலரை எழுதப் போகிறவர்கள் அந்த இருபத்தைந்து வரிகளைத்தான் முதலில் தேடுவார்கள்.